ஒரு நாள் கூடுதலாக வாழ வைத்தேன்

காலை ஏழு மணிக்கு வசுந்தரா என்கிளேவ் அண்ணனிடமிருந்து போன். "தம்பி, நோட்டீஸ் பார்த்தேன். நல்லா வந்திருக்கு. ஆனா வள்ளலை ஒரு நாள் கூடுதலா வாழ வச்சிட்டீங்களே."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மேசை மேல் கிடந்த கட்டிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தேன். 'வள்ளல் அழகப்பர், 6.4.1909 – 6.4.1957'. காரைக்குடியில் நான் படித்த கல்லூரியைத் தொடங்கிய அவர் இறந்தது ஏப்ரல் 5. நாற்பத்தெட்டு வயது நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி. பிறந்த நாள் மட்டும் மனதில் இருக்க, கை அதையே இரண்டு தடவை அடித்துவிட்டது. நூறு பிரதி. முப்பத்தேழு வருஷம் தில்லி சர்க்கார் ஆபீஸில் அடுத்தவன் ஃபைலில் தேதி திருத்தியே காலம் ஓட்டியவன் நான். அன்று முழுக்க நூறு தாளிலும் பேனாவால் 6-ஐ 5 ஆக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நூறு திருத்தத்தில் மனப்பாடமானது மூன்று வருஷப் படிப்பில் ஆகவில்லை என்பதுதான் வேடிக்கை.

நான் காரைக்குடிக்காரன் இல்லை. அறந்தாங்கிப் பக்கம் விவசாயக் குடும்பம். 1978-ல் தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கி, அழகப்பா கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தேன். மூன்றே வருஷம். 1984-ல் வேலை கிடைத்துத் தில்லி வந்தவன் வந்தவன்தான். ஆனாலும் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் வாயில் காரைக்குடிதான் முதலில் வருகிறது. பிறந்த ஊர் என்னை வளர்த்தது. படித்த ஊர்தான் வெளியே போய்ப் பேசக் கற்றுக்கொடுத்தது.

வீட்டில் நான் 'அழகப்பர்', 'சா.க.', 'வ.சுப.', 'ராய.சொ.' என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு, மயூர் விகார் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பேத்தி ஒருநாள் கேட்டாள்: "இவங்கள்லாம் நம்ம சொந்தக்காரங்களா தாத்தா?" இல்லை என்றேன். "அப்பறம் ஏன் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போற மாதிரியே பேசற?" பதில் சொல்ல ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, பட்டப் பெயர்களைத் தாண்டி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கல்வி வள்ளல், கொடை வள்ளல், மாமனிதர். அவளுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் இல்லை.

அப்படித்தான் இந்தக் கூட்டம் தொடங்கியது. தில்லியிலும் நொய்டாவிலும் காஜியாபாத்திலும் இருக்கும் காரைக்குடிக் கல்லூரிக்காரர்கள் முப்பது பேர் வரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். காலை வணக்கமும் பௌர்ணமி வாழ்த்துமாக ஓடிக்கொண்டிருந்த குழு. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொசைட்டி ஹாலில் கூடி, படித்த ஊரின் பெரியவர்களை நினைத்துப் பார்ப்போம் என்று போட்டேன். முதல் வருஷம் அதைச் சொதப்பினோம். சொதப்பியதிலிருந்துதான் சில விஷயம் தெரிந்தது. உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இப்படி ஒன்று செய்ய நினைத்தால் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் சொதப்பல் நேரம். நோட்டீஸில் மாலை 5 மணி. தலைமை தாங்க ஒரு பெரிய அதிகாரியை அழைத்திருந்தோம். அவர் வண்டி ஐ.டி.ஓ. நெரிசலில் நின்றுவிட்டது. "இதோ வந்துட்டார், இதோ வந்துட்டார்" என்று சொல்லிச் சொல்லி 5.50-க்குத்தான் குத்துவிளக்கு ஏற்றினோம். முதல் பேச்சாளர் எழுந்து, கம்பன் அடிப்பொடி சா. கணேசனைப் பற்றி ஆரம்பித்தார்: "நேரம் தவறாமைக்கு இலக்கணம் அவர்..." பின் வரிசையில் ஒருவர் சிரிக்க, அது தொற்றி, ஹால் முழுக்கச் சிரிப்பு. பேச்சாளர் பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

சிரிப்புக்குக் காரணம், அங்கே இருந்த பாதிப் பேருக்கு அந்தக் கடிகாரம் பழக்கம். 1939-ல் சா.க. காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கினார். ஆண்டுதோறும் பங்குனியில் மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில் விழா. நான்காம் நாள் அத்தத்தன்று கம்பன் சமாதி என்று சொல்லப்படும் நாட்டரசன்கோட்டையில். ஹாஸ்டல் பையன்களான நாங்கள் இலக்கிய ஆர்வத்தில் போனோம் என்று சொன்னால் அது பொய். காசில்லாமல் போகக்கூடிய இடம், நல்ல பேச்சு, திரும்பும் வழியில் ஒரு பால் பன். ஒருநாள் பத்து நிமிஷம் தாமதமாகப் போனோம். எங்கள் ஊர்க் கூட்டமாக இருந்தால் அந்நேரம் மைக் டெஸ்டிங் நடந்துகொண்டிருக்கும். அங்கே கடவுள் வாழ்த்து முடிந்து பேச்சு பாதிக்கு வந்திருந்தது. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் கூசியது. 1982 ஜூலையில் சா.க. காலமானார். நான் அப்போது ஊரில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். பேப்பரில் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

அடுத்த வருஷம் தலைமை விருந்தினரே வேண்டாம் என்று முடிவு செய்தோம். சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டினோம். 5 மணிக்கு ஹாலில் பதினொரு பேர். அதில் ஒருவர் வாட்ச்மேன். தொடங்கிவிட்டோம். பேசுகிறவருக்கு ஏழு நிமிஷம். பேத்தி கையில் பூஜை மணி. முதல் மணி எனக்குத்தான் அடித்தாள், வாக்கியம் பாதியில். ஐந்தரைக்கு வந்தவர்கள் முகம் சுண்டினார்கள். மூன்றாம் வருஷம் அதே ஆட்கள் நாலே முக்காலுக்கு வந்து நாற்காலி போட்டார்கள்.

இரண்டாவது சொதப்பல் புகழ்ச்சி. முதல் கூட்டத்தில் அழகப்பரைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். நாலு பேரும் அதே பட்டங்களைச் சொன்னார்கள். பிள்ளைகள் போனை எடுத்துவிட்டார்கள். அதனால் ஒரு விதி வைத்தோம்: ஆளுக்கு ஒரே ஒரு சம்பவம். தொடங்குமுன் 'பார்த்தது', 'கேட்டது', 'படித்தது' இதில் எது என்று சொல்லிவிட வேண்டும். பட்டப் பெயருக்கு மணி அடிக்கப்படும்.

விதி வந்த பிறகு எனக்கே வேலை கூடிப்போயிற்று, படிக்க வேண்டியிருந்தது. 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் தொடங்க வசதி உள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கூட்டத்திலேயே, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்கிறார் அழகப்பர். கட்டடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த வருஷமே காந்தி மாளிகையில் வகுப்பு நடக்கிறது. அவருக்கு வயது 38. சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, அங்கேயே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர், மில் முதலாளி. பேப்பரும் பேனாவும் வைத்து யோசித்துப் பார்க்கிற ஆள்தான். ஆனால் இந்த ஒன்றில் வாயை முதலில் திறந்துவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்திருக்கிறார்.

சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) கதை இன்னும் எனக்கு நெருக்கம். ஆபீஸ் விட்டு ரஃபி மார்க் வழியாகப் பஸ் பிடிக்க நடப்பேன். அந்தச் சாலையில்தான் தேசிய ஆய்வுக்கூடங்களை நடத்தும் சி.எஸ்.ஐ.ஆர். தலைமையகம். வருஷக்கணக்காக அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், அதற்கும் கல்லூரிக்குப் பக்கத்தில் நாங்கள் சைக்கிள் ஓட்டிய சிக்ரி மதிலுக்கும் உள்ள உறவு உறைக்காமல். நாடு முழுக்கத் தேசிய ஆய்வுக்கூடங்கள் எங்கே வைப்பது என்று தில்லியில் முடிவு செய்துகொண்டிருந்த காலம். சிக்ரி காரைக்குடிக்கு வர, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார் அழகப்பர். 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாலரை வருஷம். ஃபைல் என்பது எப்படி நகரும், எப்படி நகராது என்று ஆயுசு முழுக்கப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: வறண்ட செம்மண் பூமியில் இருக்கிற ஒரு ஊருக்கு அந்தக் காலத்தில் இது நடந்தது சாதாரணம் இல்லை. நிலம் கொடுத்தவர்கள் பலர் உண்டு. ஃபைலில் உள்ள எல்லா 'ஆனால்'களுக்கும் முன்கூட்டியே விடை எழுதிக் கொடுத்தவர் குறைவு.

'கேட்டது' வகையில் எங்களுக்குக் கிடைத்த பெரிய புதையல் கோட்டையூர் ஆச்சி. மகன் வீட்டோடு இங்கே வந்தவர், அப்போது 86 வயது. அழகப்பர் பிறந்த அதே ஊர். ஆச்சி பேசுவதை ரெக்கார்டு செய்வோம் என்று மே மாதம் போனேன். அங்கேதான் மூன்றாவது சொதப்பல். இது திருத்தவே முடியாத சொதப்பல்.

தில்லி மே மாத வெயில். ஆச்சிக்குப் பக்கத்தில் ஏர் கூலர். போனை டீப்பாயில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆச்சி ஒன்றரை மணி நேரம் பேசினார். நடுவில் மகன் வந்து வந்து, "அம்மா, அது அப்படி இல்லம்மா" என்று திருத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் கடல் மாதிரி ஒரே இரைச்சல். மகனின் திருத்தங்கள் மட்டும் தெளிவாகக் கேட்டன.

டிசம்பரில் மறுபடி போனேன். கூலர் இல்லை. மகனைக் காய்கறி வாங்க அனுப்பியாயிற்று. போனை ஆச்சியின் மடியில், சால்வைக்கு மேலேயே வைத்தேன். எல்லாம் சரி. ஆனால் ஆச்சி வேறு கதை சொன்னார். மே மாதம் சொன்னது டிசம்பரில் வரவில்லை. எடுத்துக்கொடுத்தும் பார்த்தேன். "அதெல்லாம் சொன்னேனா?" என்று சிரித்தார். முதல் தடவை சொல்வது ஒரு தடவைதான் வரும்போல.

தப்பித்தது ஒன்றே ஒன்று. அன்று ராத்திரியே டைரியில் குறித்து வைத்திருந்ததால். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும், அங்கே வயலும் வட்டித் தொழிலுமாக இருந்த செட்டிநாட்டுக் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திரும்பின. ஆச்சி சொன்னது இது: "ரங்கூன் போச்சுன்னதும் வீடு மட்டுந்தான் பெரிசா நின்னுச்சு. உலை வைக்கிற பானை சிறிசாகிப் போச்சு. அப்பறமா எங்க அண்ணன் காலேஜுக்குப் போறேன்னு நின்னாக. அப்பச்சி (அப்பா) ஒண்ணுஞ் சொல்லல. பெட்டகத்தத் தெறந்து உள்ள பார்த்தாக. மூடுனாக. 'போ'ன்னாக."

கல்லூரி ஏன் அந்த நேரத்தில் அந்த ஊருக்கு வந்தது என்பதற்கு நான் படித்த கட்டுரைகளைவிட அந்த மூடிய பெட்டகம் எனக்கு அதிகம் சொன்னது. பேத்திக்கும்தான். அதை அவள் தன் வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள். பெட்டகம் என்றால் என்ன என்று டீச்சர் கேட்டார்களாம்.

ஆகவே பெரியவர்களிடம் போகிறவர்களுக்கு: மின்விசிறி, கூலர், குக்கர், டி.வி. எல்லாம் நின்றிருக்கட்டும். பத்து விநாடி பதிவு செய்து போட்டுக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வீட்டில் திருத்துகிற ஆள் யார் என்று முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்; அவருக்கு வெளியே ஒரு வேலை கண்டுபிடியுங்கள். போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அன்று ராத்திரி பேனாவை எடுங்கள்.

ஒரே கதை பல வாயில் பலவிதமாக வருவது இன்னொரு தலைவலி. தமிழறிஞர் வ.சுப. மாணிக்கம் சின்ன வயதில் பெற்றோரை இழந்து, பர்மாவில் வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனவர். வருமான வரி அதிகாரி வந்தால் 'முதலாளி இல்லை' என்று சொல்லச் சொன்னார்கள், இருக்கிறவரை இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார் பையன், வேலை போயிற்று. இந்தக் கதையை எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் சொன்னார்கள். ஒருவர் சொன்னதில் அதிகாரியே அழுதுவிட்டார். இன்னொருவர் அதிகாரிக்குப் பதில் போலீஸ் என்றார். மூன்றாமவர் முதலாளியைத் திருந்தவும் வைத்துவிட்டார். பொய் சொல்லாததற்காக வேலை இழந்தவரைப் பற்றிய கதையில் இவ்வளவு பொய். நாங்கள் செய்தது: மூன்றிலும் பொதுவாக இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அடித்துவிட்டோம். கதை மெலிந்துபோனது, ஆனால் அழுத்தம் கூடிவிட்டது. ஊர் திரும்பிய அந்தப் பையன் பின்னால் பண்டிதமணி கதிரேசன் செட்டியாரிடம் தமிழ் பயின்று, 1964 முதல் 1970 வரை எங்கள் கல்லூரிக்கே முதல்வராக இருந்தார். 'வள்ளுவம்', 'தமிழ்க் காதல்' எழுதினார். எனக்கு முந்தைய தலைமுறை மாணவர்களுக்குக் கிடைத்த யோகம் அது.

படங்கள் பற்றி ஒரு வார்த்தை. 1919-ல் பாரதி காரைக்குடிக்கு வந்தபோது, இந்து மதாபிமான சங்கத்தார் அவரைப் படம் எடுத்து வைத்தார்கள். கையில் கம்போடு இருக்கும் அந்தப் பாரதியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுத்த இரண்டு வருஷத்தில் பாரதியே போய்விட்டார். அன்று அந்தச் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு புகைப்படக்காரரைக் கூப்பிடத் தோன்றியதே, அதற்காகவே ராய. சொக்கலிங்கம் முதலான அந்தக் கூட்டத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கான் மார்க்கெட் பக்கம் சுப்பிரமணிய பாரதி மார்க்கைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் காரைக்குடி ஞாபகம் வருவது அதனால்தான்.

ஆனால் அப்போது சங்கத்தாரோடு எடுத்த குழுப் படத்தில் பாரதியைச் சுற்றி இருப்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள், எத்தனை பேருக்குச் சொல்ல வரும்? நம் வீட்டுப் படங்களும் அப்படித்தான் ஆகும். எங்கள் 1981 பிரிவுபசாரப் படத்தை எடுத்தேன். நாற்பத்தொரு முகம். எனக்குப் பெயர் தெரிந்தது இருபத்தாறு. குழுவில் போட்டு ஒரு வாரத்தில் முப்பத்தெட்டு ஆக்கினோம். பின்பக்கம் பென்சிலால் எழுதினோம். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும். மீதி மூன்று பேர் இன்னும் மூன்று பேர்தான்.

செலவு விஷயம்: வசூல் கிடையாது, சால்வை கிடையாது, மொமெண்டோ கிடையாது. ஆளுக்கு ஒரு டப்பா பலகாரம். வெள்ளைப் பணியாரம் கொண்டுவருகிறவருக்கு மட்டும் ஏழு நிமிஷத்துக்கு மேல் ஒரு நிமிஷம் சலுகை.

போன ஏப்ரல் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பேத்தி என் பட்டச் சான்றிதழைக் காட்டச் சொன்னாள். அலமாரி மேலிருந்து இறக்கினேன். தொண்ணூறுகளில் முனிர்காவில் ஒரு கடையில் லேமினேட் செய்தது. புத்திகெட்ட வேலை, இன்று உரிக்கவும் முடியாது, ஓரமெல்லாம் குமிழி. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், 1981. எங்கள் கல்லூரி அப்போது அதன்கீழ். துணைவேந்தர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குமிழி. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் பட்டம் வாங்கிய வருஷம் மதுரையில் துணைவேந்தர் வ.சுப. மாணிக்கம். நாற்பது வருஷமாக அலமாரியில் இருந்திருக்கிறார்.

பேத்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இவரா? இருக்கறவரை இல்லைன்னு சொல்ல மாட்டேன்னு சொன்னாரே, அவரா?"

"அவரேதான்."

"அப்ப நீ நிஜமாவே பாஸ்தான் தாத்தா."